பிரிக்பீல்ட்ஸில் நான் வைத்த தாய்வீடு

உங்களுக்கெல்லாம் வீட்டில் வேலையே கிடையாதா? மலாயா போனாயே, என்ன பார்த்தாய், என்ன தின்றாய், யாரோடு பேசினாய் என்று ஆளாளுக்கு என்னைப் பிடுங்குகிறீர்கள். அவ்வளவு ஆசை இருந்தால் நீங்களே கப்பலேறி, நீங்களே வாந்தியெடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே? நான் எடுத்த வாந்தியை உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்க வெட்கமாக இல்லை? சரி, கேட்டுத் தொலையுங்கள். சொல்ல எனக்கும் ஆசைதான். அதைக் காட்டிக்கொண்டால் உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும், அதனால்தான் திட்டுகிறேன்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் மகள் அஞ்சலைக்காகப் போனேன். அவள் புருஷன் காத்தமுத்துவுக்குக் கோலாலம்பூரில் ரயில் பாதைக்குக் கட்டை போடுகிற வேலை. முதல் பிள்ளை குப்புற விழுவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது. இப்போது இரண்டாவது வயிற்றில். நாமக்கல் பக்கம் எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிரசவ மாதம் நெருங்கியதும் தாய்வீட்டார் வகைவகையாகக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறிவிட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வருவார்கள். நடுவில் கடல் கிடந்தால்? சோறு ஊசிப்போகும். நான் ஊசிப்போக மாட்டேன் என்று கிளம்பிவிட்டேன்.

கிள்ளானுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் கப்பல் நின்றது. அடித்தட்டில் வந்த எங்களை வரிசையில் நிறுத்தி, மருந்துத் தண்ணீரில் முக்கி, துணிமணிக்குப் புகை போட்டு, ஒரு முகாமில் அடைத்துவிட்டார்கள். அம்மையோ வாந்திபேதியோ எங்களோடு ஊருக்குள் நுழைந்துவிடக் கூடாதாம். நல்ல காரியம்தான். ஆனால் அதே கப்பலில் மேல்தட்டு அறையில் வந்தவர்கள் குடையை விரித்துக்கொண்டு நேரே இறங்கிப் போனார்கள். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, வாந்திபேதி மாடி ஏறாதுங்களா?"

"ஏறும்மா. டிக்கெட்டைப் பார்த்ததும் இறங்கிடும்," என்றார்.

முகாமில் போட்ட சோறு பொங்கல் போல் குழைந்திருந்தது. கருவாடு மட்டும் நன்றாக இருந்தது. அதைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன்.

வெளியே விட்ட அன்று ரயில். கிள்ளான் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது ஒரு மலாய்க்காரி வாழையிலைப் பொட்டலம் விற்றாள். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, மேலே பொரித்த நெத்திலி, சிவப்பாக அரைத்த மிளகாய். இறங்கிப் போய்க் கை ஜாடையில் வாங்கினேன். அவள் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற தமிழர், "காரம் அதிகமாம் பாட்டி, பார்த்துச் சாப்பிடச் சொல்றா," என்றார். எனக்குக் காரம் சொல்லித் தருகிறாளே என்று சிரித்துக்கொண்டு நின்ற நேரத்தில் வண்டி நகர்ந்துவிட்டது. ஓடிப்போய்க் கைக்கு எட்டிய பெட்டியில் தொற்றினேன்.

உள்ளே மெத்தை. உட்கார்ந்தால் மறுபடி மேலே தூக்கிவிடுகிற மெத்தை. எதிரே ஒரு வெள்ளைக்காரத் துரையும் துரைசானியும். பசி, பொட்டலத்தை அவிழ்த்தேன். துரை மூக்கைச் சுளித்து என்னவோ சொன்னார். அதற்குள் டிக்கெட் பார்க்கிறவர் வந்தார், தமிழ்ப் பையன்.

"துரை என்னப்பா சொல்றாரு?"

"ஜன்னலைத் திறக்கச் சொல்றாரு."

"காத்து வேணுமாமா?"

"உங்க நெத்திலி வெளிய போகணுமாம். எந்திரிங்க பாட்டி, இது உங்க வண்டி இல்ல."

"வண்டி யாரோடதா வேணா இருக்கட்டும். கீழ இருக்கிற கட்டை என் மருமகன் போட்டது," என்றேன்.

பையன் சிரித்துவிட்டான். அடுத்த ஸ்டேஷனில் என்னை இறக்கி, எங்கள் பெட்டியில் ஏற்றிவிட்டான். அங்கே ஒருவர் முழங்கை என் வாயில் இருந்தது. ஆனாலும் ஒரு சீனக் கிழவி நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் அவளுக்குப் பாதி நெத்திலி கொடுத்தேன். அவள் ஜன்னலைத் திறக்கச் சொல்லவில்லை.

காத்தமுத்து கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தே கூட்டிக்கொண்டு போனார். முன்னே செங்கல் சூளைகள் இருந்த இடம் அது. மண் எடுத்த பள்ளம் கீழே கிடக்கிறது, குட்டை போல் தண்ணீர் தேங்கி. அந்த மண்ணில் அறுத்த செங்கல்லில்தான் மேட்டில் கிராணிமார் வீடுகளைக் கட்டினார்களாம். கிராணி என்றால் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய், கட்டிலுக்குக் கட்டில் கொசுவலை. பள்ளத்தின் ஓரத்தில் கூலிக்காரர்களின் லயம். நீளமாக ஒரு கொட்டகை, தடுத்துத் தடுத்து அறைகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய். செங்கல் மேலே போய்விட்டது, பள்ளம் இவர்களுக்கு மிஞ்சியது.

மகளைக் கட்டிப் பிடித்தேன். வயிறு மட்டும்தான் கைக்குத் தட்டுப்பட்டது, மற்றதெல்லாம் எலும்பு. கண் மஞ்சளாக இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்து ஆட்டுகிறதாம்.

"எல்லாருக்கும் இப்படித்தாம்மா வருது," என்றாள்.

"மேட்டுல இருக்கிறவங்களுக்குமா?"

அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மறுநாள் அவளை மருந்து கொடுக்கிற டிரசரிடம் கூட்டிப் போனேன். நல்ல மனுஷர். கண்ணைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், குளிர்காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தார்.

"பாட்டி, நான் இறக்கிற காய்ச்சலை அந்தப் பள்ளத்துக் கொசு திரும்ப ஏத்திடும். பிள்ளை பிறக்கிற வரைக்கும் மேட்டுல, வலை கட்டின இடத்துல வச்சுக்குங்க. இல்லன்னா இந்தப் பிள்ளைக்கும் நான் உறுதி சொல்ல மாட்டேன்."

"மேட்டுல யாருங்க வீடு தருவா?"

"அந்த மருந்து என் பெட்டியில இல்லையே."

நம் ஊரிலும் மேடு பள்ளம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இங்கே பேதி வந்தால் பண்ணையார் வீட்டிலும் எழவு விழும். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. அங்கே என்ன செய்வதென்று தெரிந்திருக்கிறது. தெரிந்தது பாதி வழி இறங்கி வந்து மேட்டிலேயே நின்றுகொள்கிறது. எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான்.

லயத்துக் குழாயில் காலையில் தண்ணீர் நூலாக ஒழுகும். மேட்டு வீடுகள் குளித்துத் துவைத்து முடித்தால்தான் கீழே வரும். நான் குடத்தை எடுத்துக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினேன். பக்கத்து அறைப் பாக்கியம் ஓடி வந்து தடுத்தாள். அவளும் மாசமாக இருந்தாள், என் மகளுக்குக் கொஞ்சம் பின்னால்.

"போகாதீங்கம்மா. நம்மளைக் கண்டா கிராணியம்மா கதவைச் சாத்திடும்."

"என்னைக் கண்டா சாத்த மாட்டா. நான்தான் புதுசாச்சே."

முதல் வீட்டுப் பின்கதவைத் தட்டினேன். திறந்தவள் பெயர் அன்னலட்சுமி. யாழ்ப்பாணத்துப் பெண். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"அங்கேயே நில்லுங்கோ. காய்ச்சல்கார ஆக்களோ?"

"காய்ச்சல் என் மகளுக்குங்க. எனக்கு வந்தா அதுக்குத்தான் கஷ்டம்."

சிரிக்கவில்லை. ஆனால் முந்தானை கொஞ்சம் கீழே இறங்கியது. நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"தலைவலிங்களா?"

"ஓம். ஒவ்வொரு நாளும் தலையிடி. நித்திரையும் இல்லை."

"நல்லெண்ணெய் இருக்கா? உக்காருங்க. ஒரு குடம் தண்ணிக்கு ஒரு தலை தேய்ச்சு விடறேன்."

யோசித்தாள். தலையைத் தொடவிடுமுன் சாதி தெரிய வேண்டுமே. "நீங்கள் என்ன ஆக்கள்?"

"கடல் தாண்டின ஆளுங்க, கண்ணு. உங்களை மாதிரியே."

இந்தத் தடவை சிரித்துவிட்டாள். தலையைக் கொடுத்தாள்.

அப்புறம் தினமும் போனேன். தேய்க்கத் தேய்க்க அந்தத் தலைக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. நாலு அறை, தனிக் குழாய், இரண்டு பிள்ளைகள், ஆனால் பேச ஆள் இல்லை. அவளுக்கு மேலே துரைமார் பங்களா, அங்கே யாரும் இவளைப் பார்க்க மாட்டார்கள். கீழே லயம், அங்கே யாரையும் இவள் பார்க்க மாட்டாள். பக்கத்து வீட்டுக் கிராணிப் பெண்களோடு பேசலாமே என்றேன். யார் வீட்டு நாற்காலி உசத்தி என்பதைத் தாண்டி அந்தப் பேச்சு போவதில்லையாம். நடுவில் இப்படித் தொங்குகிறவளுக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

வீட்டின் பின்னால் வேலைக்காரிக்கென்று கட்டிய ஓர் அறை இருந்தது. செங்கல் சுவர், நல்ல ஜன்னல். உள்ளே விறகும் தேங்காய் மட்டையும் குடியிருந்தன.

"கிராணியம்மா, நான் இங்கேயே தங்கிப் பாத்திரம் தேய்க்கறேன், பிள்ளைங்களைப் பாத்துக்கறேன், உங்க தலையையும் பாத்துக்கறேன்."

"சம்பளம் என்ன கேக்கிறியள், ஆச்சி?"

"அந்த அறையும் ஒரு கொசுவலையும் போதும். நான் இருக்கிற வரைக்கும் அது என் வீடுன்னு மட்டும் சொல்லுங்க."

"அதுக்கென்ன? உங்கட வீடுதான்."

"என்ன சொன்னீங்க? காது மந்தம்."

"உங்கட வீடுதான் எண்டு சொன்னனான்!"

என் காதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு தடவை சொன்னால் பிறகு மறுக்க முடியாது, அவ்வளவுதான்.

லயத்தில் காத்தமுத்துவுக்கு முகம் கறுத்துவிட்டது. மேட்டுப் பக்கம் போனால் தலைப்பாகையை அவசரமாக அவிழ்க்கிற மனுஷர், என்னிடம் குரலை உயர்த்தினார்.

"அத்தை, என் மாமியா கிராணி வீட்ல வேலைக்காரின்னா லயத்துல என்ன பேசுவாங்க?"

"இந்தப் பிள்ளையையும் புதைச்சா என்ன பேசுவாங்களோ, அதைவிடக் கொஞ்சமாத்தான் பேசுவாங்க, மாப்பிள்ளை."

என் மூட்டையை அவரே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். மேட்டில் ஏறும்போது தலைப்பாகையை அவிழ்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

விறகை வெளியே தள்ளினேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், வலையைக் கட்டினேன். அடுத்த நாள் அன்னலட்சுமியிடம், "மகளுக்குக் கொஞ்சம் சோறு கொண்டு போகணும்," என்றேன். பாவம், அவளும் கூட நின்று தேங்காய் துருவிக் கொடுத்தாள். புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச் சோறு. "ஒரு பிள்ளைக்கு இவ்வளவோ?" என்று மட்டும் கேட்டாள். "வயித்துல இருக்கிறதோட சேர்த்து ரெண்டு," என்றேன்.

லயத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பரிமாறினேன். பெண்கள் அஞ்சலைக்கு வளையல் அடுக்கினார்கள். பொட்டு வைத்து, பூ வைத்து, பாட்டும் சிரிப்புமாக அவளை மேட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தோம். தாய்வீடு எங்கே இருக்கிறது? தாய் இருக்கிற இடத்தில்தானே? என் வீடு மேட்டில்தானே?

அன்னலட்சுமி பின்கதவில் திகைத்துப்போய் நின்றாள். சாயங்காலம் கிராணியார் வந்தார். கோட்டைக் கழற்றக்கூட இல்லை.

"இது என்ன, சத்திரமே? ஆரைக் கேட்டுக் கொண்டுவந்தனீங்கள்?"

"அம்மா இது என் வீடுன்னு ரெண்டு தரம் சொன்னாங்க, ஐயா. மக தாய்வீட்டுக்கு வர யாரைக் கேக்கணும்? கட்டுச்சோறு போட்டுக் கூட்டிட்டு வந்த பொண்ணைப் பிள்ளை இல்லாமத் திருப்பி அனுப்புற வழக்கம் எங்க ஊர்ல இல்ல. உங்க ஊர்ல இருந்தா சொல்லுங்க, கத்துக்கறேன்."

"என்ர பிள்ளையளுக்குக் காய்ச்சல் தொத்தினால்?"

அது நியாயமான பயம். அதற்கு நான் கேலி பேசவில்லை. "டிரசரைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். வலைக்குள்ள படுப்பா, மருந்து தவறாது. அதுக்கு நான் ஜவாப்பு," என்றேன். அவர் அசையவில்லை. என் மகள் வளையல் சத்தம் வராமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகச் சொன்னால் எங்கே போவது? பள்ளத்துக்குத்தான்.

அப்போது அன்னலட்சுமி பேசினாள். சத்தம் போடவில்லை.

"மூத்தவன் பிறக்கேக்க நீங்கள் கந்தோரில. என்ர அம்மா யாழ்ப்பாணத்தில. இந்த நாலு அறைக்குள்ளயும் நான் தனியக் கிடந்து கத்தினனான். மேலயும் ஆரும் கேக்கேல்லை, கீழயும் ஆரும் கேக்கேல்லை. அந்தப் பிள்ளை இருக்கட்டும்."

கந்தோர் என்றால் ஆபீஸாம். கிராணியார் அப்போதே கந்தோருக்குத் திரும்பிப் போய்விடலாமா என்பது போல நின்றார். பிறகு கோட்டைக் கழற்றினார்.

அந்த அறையில் என் மகள் தூங்கினாள். குளிர் இரண்டு தடவை வந்து பார்த்தது, அப்புறம் சலித்துப்போய் நின்றுவிட்டது. கன்னத்தில் சதை பிடித்தது. ஒரு மத்தியானம், தகரக் கூரையை உடைக்கிற மழையில், பேத்தி பிறந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் கனத்தைச் சொன்னார்கள். அவள் அழுத அழுகையில் ரயில் ஊதியதே கேட்கவில்லை. அன்னலட்சுமிதான் வெந்நீர் வைத்தாள். காத்தமுத்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, மேட்டு வீட்டு முன்வாசலில், எல்லாரும் பார்க்க நின்றார்.

நான் ஊருக்குக் கிளம்பலாம் என்று இருந்தபோது ஒரு நாள் பாக்கியம் பின்கதவில் வந்து நின்றாள். கையில் மூட்டை இல்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு அம்மா இல்லம்மா," என்றாள் கடைசியில்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் பின்னாலிருந்து அன்னலட்சுமி கேட்டாள்: "எள்ளுச் சோத்துக்கு எள்ளை வறுக்கிறதோ, ஆச்சி?"

இந்தத் தடவை சோற்றுப் பாத்திரத்தை அவளே இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினாள். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பெண்கள் பாய் விரித்தார்கள், ஒருத்தி ஓடிப்போய்ப் பூ வாங்கி வந்தாள். அவள் உட்காராமல் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேட்டு வீடுகளிலிருந்து வருகிற சாக்கடை அங்கேதான் வந்து தேங்கி நின்றது.

ராத்திரிச் சாப்பாட்டில் கிராணியாரிடம் சொன்னாள்: "அது எங்கட குசினித் தண்ணி. எங்கட சவுக்கார நுரை அதில மிதக்குது." குசினி என்றால் அடுப்படியாம், சவுக்காரம் என்றால் சோப்பாம்.

ஞாயிற்றுக்கிழமை காத்தமுத்துவும் அவர் கூட்டாளிகளும் மண்வெட்டியோடு இறங்கி, பள்ளத்திலிருந்து ஆற்றுக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். மண்வெட்டிகள் ரயில்வேயுடையவை. யாரிடமும் கேட்கவில்லை. கிராணியார் அன்று முழுக்க முன்வாசலில் நாற்காலி போட்டு, அந்தப் பக்கம் பார்க்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அன்னலட்சுமி கையில் அவர்களுக்கு மோர் கொடுத்தனுப்பினார். காய்ச்சல் ஒழிந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த ஊரில் இன்னும் எத்தனையோ பள்ளம் இருக்கிறது. ஆனால் பாக்கியத்துக்கு ஆண் பிள்ளை. அதுவும் என் வீட்டில்தான் பிறந்தது.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பார்வதி, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு முன்னாலேயே யாரோ கப்பலில் வந்து வத்தி வைத்துவிட்டார்கள்.

"ஏனக்கா, சீமைக்குப் போற மாதிரி போனியே, அங்க கிராணி வீட்ல பாத்திரம் தேய்ச்சியாமே?"

"தேய்ச்சேன். என் வீட்டுப் பாத்திரத்தை நான் தேய்க்காம உன் புருஷனா வந்து தேய்ப்பான்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பார்வதி சிரிக்கவில்லை. எல்லாரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருந்தாள். அவள் மகளும் மருமகனோடு கோலாலம்பூருக்குத்தான் கப்பலேறப் போகிறாள்.

"அக்கா, அங்க போய் அவளுக்கு மாசமானா நான் எப்படி வருவேன்? யார் கூட்டிட்டுப் போவா?"

"லயத்துல இருந்துக்கிட்டு மேட்டுக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பச் சொல்லு. என் மக சோறு கட்டிக்கிட்டு இறங்கி வந்து கூட்டிட்டுப் போவா."

"யாரு, அஞ்சலையா?"

"அஞ்சலை சின்னவ. நான் மூத்தவளைச் சொல்றேன்," என்றேன்.